போயிட்டு வரேன்: மேடை நீங்கி மீளும் மரபு குறித்து ஓர் ஆய்வு

ராக் குழுவினர் கச்சேரியை முடித்ததுபோல் இறங்கிப் போவதும், கூட்டம் தொண்டை கிழியக் கத்துவதும், போனவர்கள் திரும்பி வந்து பாடுவதும் என்கோர் எனப்படும். இப்பொருள் குறித்துத் தமிழில் இதுவரை ஆய்வு எதுவும் வரவில்லை என்று தொடங்குவது முறை. வந்திருக்கிறதா என்று நான் தேடவில்லை. அதுவும் முறைதான்.

ஆய்வுக்களம்: மான்செஸ்டர், ஓல்ட் டிராஃபோர்ட் கிரிக்கெட் மைதானம், 2017 ஜூலை 4. ஆய்வுக்கு உட்பட்டோர்: ரேடியோஹெட். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே அபிங்டனில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பேர். 1985இல் சேர்ந்தவர்கள், இன்றுவரை ஆள் மாறவில்லை. 1997இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பம் வந்ததிலிருந்து இருபது ஆண்டு இவர்களை நேரில் பார்க்கக் காத்திருந்தவன் நான். ஆய்வாளனுக்கு வேண்டிய பற்றின்மை முதல் பாட்டின் இரண்டாம் வரியிலேயே போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் சொல்லாய்வு. என்கோர் பிரெஞ்சுச் சொல்; ‘மறுபடியும்’ என்று பொருள். இதைக் கத்துபவர்கள் ஆங்கிலேயர்கள். பிரெஞ்சுக்காரர்கள் கத்துவது ‘பிஸ்’. அது லத்தீன், ‘இருமுறை’ என்று பொருள். ஆக, ஆசை முற்றும்போது மனிதன் பிற மொழிக்குத் தாவுகிறான் என்று கொள்ளலாமா என்றால், ஜெர்மானியர் கெடுத்துவிடுகிறார்கள். அவர்கள் தம் மொழியிலேயே ‘ட்சூகாபே’ என்கிறார்கள்: கேட்ட அளவுக்கு மேல் சேர்த்துக் கொடுப்பது. அதாவது கொசுறு.

கொசுறு என்பதே சரியான கலைச்சொல் என்று நான் சில காலம் நம்பியிருந்தேன். பிறகு ஒரு தடை எழுந்தது. காய்கறிக்காரம்மா கொத்து கறிவேப்பிலையைப் பையில் போடுவது பேரம் முடிந்து, நம் முகத்தைப் பார்த்த பிறகு. முன்கூட்டியே கட்டிவைத்து, விலையில் சேர்த்து, நாம் கெஞ்சும்வரை கூடைக்கடியில் ஒளித்துவைத்த கறிவேப்பிலை கொசுறு ஆகுமா? ஆகாது. எனவே, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ‘போயிட்டு வரேன்’ என்கிறோமே, அதையே கலைச்சொல்லாக முன்மொழிகிறேன். போவதைச் சொல்லும் வாக்கியத்திலேயே வருவது அடங்கியிருக்கிறது.

வரலாறு சுருக்கமாக. பழங்காலத்தில் என்கோர் என்றால் பாடிய பாட்டையே திரும்பப் பாடுவது. 1786இல் வியன்னாவில் மொட்சார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ அரங்கேறியபோது கூட்டம் இப்படியே கேட்டுக்கேட்டு இரவை இழுத்தது. பேரரசர் இரண்டாம் ஜோசப், ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் பாடும் பகுதிகளைத் திரும்பப் பாடக் கூடாது என்று ஆணையிட்டார். 1956 டிசம்பரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் எல்விஸ் பாடி முடித்ததும் இளசுகள் இருக்கையை விட்டு ஓட, அவர் கட்டடத்தை விட்டே போய்விட்டார் என்று அறிவிப்பாளர் சொல்ல வேண்டியிருந்தது. இது ‘போயிட்டு வரேன்’ அன்று, வெறும் ‘போறேன்’. மங்கலமில்லாச் சொல். எதிர்முனையில் தி க்யூர்: 2013 ஏப்ரல் 21 அன்று, பாடகர் ராபர்ட் ஸ்மித்தின் பிறந்த நாளில், மெக்சிகோ நகரில் நான்கு மணி நேரத்துக்கு மேல், ஐம்பது பாட்டு. இவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு புதிதாகக் கதை ஆரம்பிக்கும் சித்தப்பா வகை.

இனி இலக்கணம்.

போதலும் மீள்தலும் பொய்யே ஆயினும்
கத்தலிற் குறையார் காசு கொடுத்தோர்

என்பது நூற்பா. (நானே எழுதியது. பழையதுபோல் இருப்பதால் மேற்கோளாகவும் ஆளலாம்.)

போதல் மூவகைப்படும்: கையசைத்துப் போதல், சொல்லாமல் போதல், கிட்டாரை ஆம்ப்ளிஃபையர்மேல் சாய்த்து அலறவிட்டுப் போதல். மூன்றாவதற்கு விளக்கம் தேவையில்லை, காது சொல்லும்.

கத்துவோர் பலவகையர். ஊளையிடுவோர். தரையை மிதிப்போர். ‘க்ரீப்’ என்று கத்துவோர். இவர்கள் 1992இல் வந்த பாட்டைத் தவிர வேறு அறியாதவர்கள், அந்தப் பாட்டில் குழுவே அலுத்துப்போய்ப் பல ஆண்டுகள் பாடாமல் விட்டிருந்தது என்பதையும் அறியாதவர்கள். குழுவின் கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட் அதில் இழுக்கும் அந்தக் கரகர ஒலி பாட்டைக் கெடுப்பதற்காகவே இழுத்தது என்பார்கள். அதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. உரையாசிரியர்கள் கவனிக்க.

ஆனால் ஆய்வின் உயிர்நிலை இடைவெளி. அவ்விடைவெளியின் நாயகர் டார்ச் அடிப்பவர். கறுப்புச் சட்டை, இடுப்பில் ஒட்டுநாடாச் சுருள், வாயில் கவ்விய சிறு டார்ச். இருட்டில் குனிந்து வந்து, ஒரு கிட்டாருக்குச் சுருதி சேர்த்து, தாங்கியில் நிறுத்திவிட்டுப் போவார். அவரைக் கண்டதும் கூட்டம் எழுப்பும் ஓசை பாடகருக்கு எழுப்பியதற்குக் குறைந்ததன்று. சாமி வருமுன் தீவட்டியைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லையா, அப்படி.

அவர் வைத்த கிட்டார் எது என்பதில்தான் பள்ளிகள் பிரிகின்றன. அக்கூஸ்டிக் கிட்டார் எனின், வருவது ‘ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்’ என்பது ஒரு சாரார் துணிபு (எனக்கு இடப்புறம் நின்றவர், நேர்ப்பேச்சு). அன்று, ‘கர்மா போலீஸ்’ என்பதே பொருந்தும் (மேற்படியார், இரண்டாம் பியருக்குப் பின், திருத்திய கருத்து). கிட்டாரை வைத்துச் சொல்ல முடியாது, அது ஏமாற்றுவதற்காகவே வைப்பது (மேற்படியாரின் மைத்துனர், கழிப்பறை வரிசை, முன்னிருந்து பதினேழாம் இடம், வரிசை நகர்ந்தபோது பதினோராம் இடத்தில் ஓரளவு விலக்கிக்கொண்டார்). மைத்துனர் விலக்கிக்கொண்ட அதே கருத்தை மேற்படியார் கால் மணி நேரத்தில் தம் கருத்தாகவே என்னிடம் திருப்பிச் சொன்னார், மைத்துனர் பெயரைச் சொல்லாமல் (மூன்றாம் பியர், தோளில் கைபோட்டபடி, என் சட்டையில் சிந்திய கறையே சான்று, கறை என்னிடம் உள்ளது, ஆய்வாளர்கள் முன் அனுமதி பெற்றுப் பார்வையிடலாம்). பல்கலைக்கழகம் எதிலும் பயிலாமலே இவர்கள் துறையின் நடைமுறையை இவ்வளவு கற்றிருந்தது எனக்கு வியப்பு.

இப்போது மூலச்சுவடிக்கு வருவோம். மேடைத்தரையில் ஒவ்வொருவர் காலடியிலும் பாட்டுப் பட்டியல் ஒட்டியிருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் டார்ச் அடிப்பவர் அதைப் பிய்த்து முன்வரிசைக்கு எறிவதுண்டு. அன்று ஒரு தாள் எனக்கு நான்கு தலை தள்ளி ஒரு பெண்ணிடம் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். அச்சிட்ட தாள். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, நாங்கள் கத்திப் பெற்றதாக நினைத்த பாட்டுகள் அனைத்தும், நாங்கள் மைதானத்துக்குள் நுழையும் முன்பே அச்சாகியிருந்தன. இன்னொரு கோடு, அதற்குக் கீழே இன்னும் சில. இரண்டு முறை போய் இரண்டு முறை வந்தார்கள், தாளில் உள்ளபடியே.

கடைசி வரிமேல் ஒரு பூட்ஸ் தடம். அவ்வரிக்கு மூன்று பாடம் உண்டு. மூன்றையும் பின்னொரு கட்டுரையில் தருவேன். ஒரே கட்டுரையில் எல்லாவற்றையும் சொல்பவருக்குப் பதவி உயர்வு கிடைப்பதில்லை.

விளக்குக் கோட்பாடு: கூட்டத்தின்மேல் விளக்கு எரியாதவரை வருவார்கள். விளக்கு எரிந்து, ஒலிபெருக்கியில் யாருடையதோ இசைத்தட்டு ஓடத் தொடங்கினால் டிராமுக்குப் போகலாம். இது தெரிந்தும் பக்கத்தில் நின்ற மேற்படியார், இருட்டு கலையாத அந்த நேரத்தில், இனி வரவே மாட்டார்களோ என்று கண்கலங்கினார். நானும்.

முற்றும்.

(விளக்கு இன்னும் எரியவில்லை.)

பின்னிணைப்பு: 2001 ஜூலை 7, ஆக்ஸ்ஃபோர்டு, சவுத் பார்க். சொந்த ஊரில், நல்ல மழையில், கடைசிப் பாட்டாக ‘மோஷன் பிக்சர் சவுண்ட்டிராக்’கைத் தொடங்கினார்கள். ஜானியின் கீபோர்டு வேலை செய்யவில்லை. தடவிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. சரி என்று அதற்குப் பதிலாக ‘க்ரீப்’ பாடினார்கள். திட்டமிட்ட பாட்டு அதுவன்று. இது என் கோட்பாட்டை அடியோடு சாய்த்துவிடுகிறது. ஒத்துவராத சான்றைப் பின்னிணைப்பில் போடுவது மரபு ஆகையால் இங்கே போட்டேன். அந்த மழையில் நின்றவர்களில் ‘க்ரீப்’ என்று கத்திக்கொண்டிருந்தவர் யாராவது இருந்தால், அவரை இரண்டாம் பதிப்பில் அறிஞர் என்று குறிப்பிடச் சித்தமாயிருக்கிறேன்.