படித்துறை வழுக்கலும் பயோஃபிலிமும்: பாபநாசம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வு நோக்கம்

பாபநாசத்துக் குடமுருட்டி ஆற்றுப் படித்துறைகளில் காலங்காலமாக மனிதர்கள் வழுக்கி விழுந்து வருகிறார்கள். விழுந்தவரை நலம் விசாரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் அதைவிட அதிகம். விழவைத்த பொருளை, அதாவது கல்லில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழும் நுண்ணுயிர்களின் வழவழப் படலமான பயோஃபிலிமை, விசாரித்தவர்தான் இல்லை. 108 சிவாலயத்துக்கும் திருப்பாலைத்துறை நெற்களஞ்சியத்துக்கும் கிடைத்த ஆய்வாளர்கள், தண்ணீருக்குள் கிடக்கும் மூன்றாம் படிக்குக் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. முன்னோடிகள்

இத்துறையின் மூலவர் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரின் துணி வியாபாரி லீவன்ஹூக். 1683இல் தன் பல்லிடுக்கு அழுக்கை (அதுவும் பயோஃபிலிம்தான்) சுரண்டி, தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளின. லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதிவிட்டார். காடியால் வாய் கொப்பளித்தால் மேலே இருப்பவை மட்டும் சாகின்றன, உள்ளே இருப்பவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை என்றும் கண்டார். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தனித்து நீந்தித் திரிவதில்லை, எதையாவது பற்றிக்கொண்டு கூட்டமாகவே வாழ்கின்றன என்பதை 1978இல் நுண்ணுயிரியலாளர் காஸ்டர்டன் உலகறியச் செய்தார். நம் பக்கத்தில் பாசிகளுக்கு நாதியாக இருந்தவர் சென்னையின் எம்.ஓ.பி. அய்யங்கார். அவர் வழியில் வந்த தேசிகாச்சாரி 1959இல் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ‘சயனோஃபைட்டா’ என்ற பெருநூலை எழுதினார்.

3. ஆய்வு முறை

கருவிகள்: பழைய டூத் பிரஷ், டானிக் பாட்டில், கண்ணாடிச் சில்லு, நைலான் நூல், பள்ளி ஆய்வக நுண்ணோக்கி. சில்லை நூலில் கட்டி, கிணற்றடித் தொட்டியில் ஒரு வாரம் தொங்கவிட்டால் போதும். மாதிரி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சமையலறைக் களப்பணியில் மட்டும் எச்சரிக்கை தேவை. வீட்டில் முன்னறிவிப்புக் கொடுக்கவே கூடாது. “குடத்துக்குள்ள வழவழன்னு இருக்கே, அதைக் கொஞ்சம் எடுத்துக்கறேன்” என்று சொன்ன மாத்திரத்தில், “எங் குடத்திலயா வழவழங்குது?” என்று தகவலாளி புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாகக் கொல்லைப்புறம் கிளம்பிவிடுவார். தரவு அந்த நிமிடமே அழிந்துபோகும்.

4. தரவுகள்

அ) படித்துறை: 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கையில் படகு வடிவ டயாட்டம் பாசிகள் மெல்ல ஊர்கின்றன. பச்சை இழையான ஆஸிலடோரியா அவசரமில்லாமல் இப்படியும் அப்படியும் அசைகிறது. காம்பு வைத்த வோர்டிசெல்லா வாயைத் திறந்து காத்திருக்கிறது. மேஜையை லேசாகத் தட்டினால் போதும், காம்பு சடக்கென்று சுருண்டுவிடும். கோடையில் ஆறு வற்றினால் இதெல்லாம் காய்ந்து சாம்பல்நிறப் பொருக்காக உரியும். மேட்டூர் அணையைத் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும் பச்சை மறுபடி தலைகாட்டும்.

ஆ) வீடு: குடத்தின் கழுத்து வளைவு, குக்கர் கேஸ்கட், சிங்க் ஜல்லடையின் அடிப்பக்கம், மேல்நிலைத் தொட்டியின் சுவர். விரல் எட்டாத இடமெல்லாம் வளமான களம்.

இ) வயல்: வட்டாரத்தின் பெரிய முரண் இங்கேதான் இருக்கிறது. நெல்வயலில் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்று 1939இல் பி.கே. டே நிறுவினார். வேளாண் துறையும் விவசாயியை ஹெக்டேருக்கு 10 கிலோ தூவச் சொல்கிறது. நட்ட இளம்பயிரைப் பச்சைப் பாசி மூடிக்கொண்டால் அதே விவசாயி மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து வாய்க்கால் மடையில் கட்டுகிறார். ஒரு பாசிக்குக் காசு கொடுத்து வரவேற்பு, இன்னொன்றுக்குக் காசு கொடுத்து விஷம். மயில்துத்தமோ இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

5. விவாதம்

பயோஃபிலிம் உருவாகும் படிநிலைகள் ஏரிக்கரை ஆக்கிரமிப்பைப் போன்றவை. முதலில் நாலு கீற்று. அப்போது தண்ணீர் ஊற்றி அலசினாலே போய்விடும். பிறகு சுவர்: பாக்டீரியாக்கள் பசை சுரந்து தங்களைச் சுற்றிப் பூசிக்கொள்கின்றன. பிறகு தெரு, வாய்க்கால்: பசைக்குள் நீர் ஓடும் வழிகள் உண்டாகின்றன. ஆள் பெருகியதும் ரசாயன சமிக்ஞை மூலம் கலந்து பேசிக் கூட்டாகச் செயல்படுகின்றன. கடைசியில் சிலர் பிரிந்துபோய் அடுத்த இடத்தில் கீற்று நடுகிறார்கள். இந்த நிலையில் குளோரின் ஊற்றுவது நோட்டீஸ் ஒட்டுவதற்குச் சமம். மேல்தட்டு பலியாகும், அடித்தட்டு பசைக்குள் பத்திரமாக இருக்கும். லீவன்ஹூக்கின் காடியும் இந்தப் பசையிடம்தான் தோற்றது.

இங்கே தகவலாளியின் நார் ஆய்வுக்குள் மறுபடி நுழைகிறது. புளியின் அமிலம் கறையைத் தளர்த்துகிறது, சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது, நார் சுவரையே இடிக்கிறது. மூன்றில் இன்றியமையாதது மூன்றாவதுதான். தரவை அழித்தவர் என்று மேலே குற்றம் சாட்டப்பட்ட தகவலாளியே இந்த ஆய்வின் மெய்யான நெறியாளர்.

6. பரிந்துரைகள்

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இறங்கக் கூடாது. தண்ணீரை வடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகே மருந்து. குக்கர் கேஸ்கட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஆற்றில் இறங்குவோர் பச்சை தெரியும் படியில் குதிகாலை ஊன்றக் கூடாது.

ஆய்வின் முடிவு இதுதான்: ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். இதை அறிய முனைவர் பட்டம் தேவையில்லை. பத்துப் பாத்திரம் தேய்க்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் கேட்கும்போது கையில் நாரைக் கொடுத்துவிடுவார், தயாராகப் போங்கள்.