குடை இல்லாத ஊரில் குடைக் கதை

கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய ஆறு சதவீதம் இருக்கும் தமிழ்நாட்டிலிருந்து, முக்கால்வாசிப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்களாக இருக்கும் ஆப்பிரிக்க நாடான மலாவிக்கு மிஷனரியாகப் போனவன் நான். “கொல்லன் தெருவுக்கு ஊசி விற்கப் போறீங்க, தம்பி” என்று எங்கள் ஊர் உபதேசியார் வழியனுப்பும்போதே சொன்னார். அவருக்குத் தரிசனம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரன். மிஷனரி சரித்திரம் கேட்டு வளர்ந்தவன். 1793இல் வங்காளம் வந்த வில்லியம் கேரி, முதல் இந்தியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1800 டிசம்பர் வரை காத்திருந்தார். அதோனிராம் ஜட்சன் பர்மாவில் விலங்கோடு சிறையில் கிடந்தார். அப்படியொரு சோதனை வந்தால் அசையமாட்டேன் என்று ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்லியிருந்தேன். சிறை வரவில்லை. கொசுதான் வந்தது. இரவில், தேவன் காப்பார் என்னும் 91ஆம் சங்கீதத்தை உருக்கமாகச் சொல்லி முடிப்பேன். உடனே டார்ச் அடித்து வலைக்குள் கொசு தேடுவேன்.

நான் இருந்தது நாட்டின் தெற்கே, சோம்பா பக்கத்துக் கிராமம். சபை மூப்பர்களுக்கு வேதபாடம் எடுக்கும் வேலை. ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1876லேயே பிளான்டயரில் ஊழியம் தொடங்கிவிட்டார்கள். என் பிரசங்கத்தை மொழிபெயர்த்த வாலிபன் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவன். என் நிறமாவது கைகொடுக்கும், வெள்ளைக்காரர் மாதிரி அந்நியமாகத் தெரியமாட்டேன் என்று நம்பினேன். அங்கே இந்தியர் என்றால் தலைமுறைகளாக வியாபாரம் செய்யும் குஜராத்திகள்தான் நினைவுக்கு வருவார்கள். கடை எந்தத் தெருவில், சர்க்கரை என்ன விலை என்று என்னிடம் விசாரித்தார்கள். இரட்சிப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

சாப்பாடு ந்சிமா, மக்காச்சோள மாவைக் கிண்டிய களி. விருந்தாளி என்று எனக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். மூடிய கண்ணுக்குள் நார்த்தங்காய் ஊறுகாய் தெரிந்தது.

ஒருநாள் ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஆறுதல் செய்தி தயாரித்துக்கொண்டு போனேன். யாரும் பேசச் சொல்லவில்லை. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வெளியே தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், வகுப்புக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன். வகுப்பில் ஓர் ஆள்கூட இல்லை. எல்லோரும் சாவு வீட்டில்தான் இருந்தார்கள். சாயங்காலம் இரண்டு மூப்பர்கள் என்னைத் தேடி வந்தார்கள். “அபுசா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” அபுசா என்றால் ஐயர், போதகர். உடம்புக்கு முடியாதவன்தான் சாவு வீட்டிலிருந்து பாதியில் எழுந்து போவான் என்பது அவர்கள் கணக்கு. “லேசாகத் தலைவலி” என்றேன். இருவரும் முழங்கால் போட்டு, இல்லாத தலைவலிக்காக நெடுநேரம் ஜெபித்தார்கள். ஊருக்கு அனுப்பிய அறிக்கையில் ‘சரீர பலவீனத்திலும் ஊழியம் தொடர்ந்தது’ என்று எழுதினேன்.

இதெல்லாம் சில்லறை. பெரிதாகக் கோட்டைவிட்டது 2024 தொடக்கத்தில், எல் நினோவால் மழை தப்பியபோது. கதிர் வைக்கவேண்டிய மக்காச்சோளம் நின்ற நிலையில் காய்ந்தது. மழைக்காகக் கூடிய ஜெபத்தில் எனக்குச் செய்தி. நம் பிரசங்கியார்களின் பழைய சரக்கு ஒன்று உண்டு: மழைக்கு ஜெபிக்க ஊரே கூடியது, ஒரு சிறுமி மட்டும் குடையோடு வந்தாள், அதுதான் விசுவாசம். அதை எடுத்துவிட்டு, “உங்களில் யார் குடை கொண்டுவந்தீர்கள்?” என்று கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, கோபமே இல்லாமல் சொன்னார்: “குடை இருந்தது அபுசா. போன வருஷம் வீட்டோடு போய்விட்டது.”

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் ஆறே நாளில் ஆறு மாத மழையைக் கொட்டிய பகுதி அது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வீடுவாசல் இழந்தார்கள். மழையிடம் வீட்டைக் கொடுத்தவர்கள், மறு வருஷமே மழை கேட்டு முழங்காலில் நின்றார்கள். அவர்களுக்கு நான் விசுவாசப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அன்றிரவு எனக்கு ஜெபம் வரவில்லை. கோபம்தான் வந்தது: கடவுள்மேல் கொஞ்சம், கோபப்படாமல் பாடிக்கொண்டிருந்த அந்த ஜனங்கள்மேல் அதைவிட அதிகம். அடுத்து வந்த ஜெபங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர்கள் ஜெபித்தார்கள், நான் ஆமென் சொன்னேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பயிர் பிழைக்கிற அளவுக்கு மழையும் பெய்யவில்லை. மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி சக்வேரா, அவரும் முன்னாள் போதகர்தான், 28 மாவட்டங்களில் 23இல் பேரிடர் நிலையை அறிவித்தார். என்னிடம் திரும்பி வரும் டிக்கெட் இருந்தது. அவர்கள் அடுத்த விதைப்புக்குக் காத்திருந்தார்கள்.

வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயரான அசரியா, அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார ஊழியர்களை முகத்துக்கு நேரே கேட்டார்: நீங்கள் எவ்வளவோ தியாகம் செய்கிறீர்கள், சிநேகிதராக மட்டும் ஏன் இருக்கமாட்டேன் என்கிறீர்கள் என்று. பள்ளிப் பேச்சுப் போட்டியில் இதை முழங்கிப் பரிசு வாங்கியவன் நான். அது வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அனுப்பும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆளைத் தேடும்போது நன்றாகப் பிரசங்கிப்பாரா, ஒழுங்காக அறிக்கை எழுதுவாரா என்பதைப் பிறகு பாருங்கள். சாவு வீட்டில் கடைசிவரை சும்மா உட்கார்ந்திருப்பாரா என்று முதலில் விசாரியுங்கள்.