குடை வேண்டாம், அறை வேண்டும்

கேள்வி: மகளுக்கு இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஊர் எப்படி? நல்லது, கெட்டது இரண்டையும் சொல்லுங்களேன்.

பதில்: படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 1088-லிருந்து பாடம் நடத்துகிறோம் என்று மார்தட்டும் ஊர் அது. மழைக்குக்கூடக் கவலையில்லை. நடைபாதைகளுக்கு மேல் கூரையும் தூணுமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீளும் தாழ்வாரங்கள். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. அந்தக் காலத்தில் மாணவர் கூட்டம் பெருகியபோது, மாடியைத் தெருப்பக்கம் நீட்டி அறை கட்டினார்கள். கீழே முட்டுக் கொடுத்த தூண்கள்தான் இந்தத் தாழ்வாரங்கள். அன்று மாணவருக்காக வீட்டை நீட்டினார்கள்; இன்று வாடகையை மட்டும் நீட்டுகிறார்கள்!

கெட்டதில் முதலிடம் அதற்குத்தான். அறை கிடைப்பது அட்மிஷனைவிடக் கடினம். பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுவதும் உண்டு. பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெர்தி சதுக்கத்தில் அறை கிடைத்தால் தூக்கம் கிடைக்காது. ஆகஸ்டில் வெயில் வாட்டும். கடைக்காரர்கள் பலர் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

சாப்பாடு பிரமாதம், அசைவம் என்றால். ‘ஸ்பகெட்டி பொலோனீஸ்’ மட்டும் கேட்க வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த இறைச்சிக் குழம்புக்கு அங்கே ஜோடி டாலியாட்டெல்லே என்னும் பாஸ்தா.

பட்டம் வாங்குமுன் 97 மீட்டர் அசினெல்லி கோபுரத்தில் ஏறினால் பட்டமே கிடைக்காது என்பது மாணவர் நம்பிக்கை. பக்கத்துக் கோபுரம் அளவுக்கு மீறிச் சாய்வதால் 2023-இல் அசினெல்லியையும் மூடிவிட்டார்கள். ஆகவே பரீட்சையில் கோட்டை விட்டால் கோபுரத்தைக் குறை சொல்ல வழியில்லை.

இனிப்பு வழங்கி முடித்தாயிற்றா? இன்றைக்கே அறை தேடச் சொல்லுங்கள்.