ஆளும் ஆணையும்

கேள்வி: தலைவரை மதித்துக்கொண்டே அவருடைய முடிவை எதிர்ப்பது இரட்டை வேடம் ஆகாதா?

பதில்: ஆகுமென்றால், அந்த வேடத்தை முதலில் கலைக்கவேண்டியவர் பெரியார். 1938-இல் சென்னை மாகாணப் பிரதமராக (முதலமைச்சருக்கு அன்று வழங்கிய பெயர்) இருந்த இராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எதிர்த்துச் சிறை சென்ற அவர், 1953-இல் தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று அதே இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தையும், அதாவது சாதித் தொழிலை நிலைக்கச் செய்யும் ஏற்பாடு என்ற பொருளில் திராவிட இயக்கத்தார் ‘குலக்கல்வி’ என்றழைத்ததையும், 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிடும்வரை விடாமல் எதிர்த்தார். ஆயினும் 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதில், தகனத்திற்கு வந்து கண்ணீர் விட்டவரும் அவரே.

இராஜாஜியோ இதிலும் ஒரு படி மேல்: 1938-இல் தாம் கட்டாயமாக்கிய இந்தி, நாட்டின் ஒரே ஆட்சிமொழியாவதை 1965-இல் தாமே எதிர்த்தார். ஆளையும் ஆணையையும் பிரிக்கவே கூடாது என்றிருந்த பக்தர் எவரேனும் அவருக்கு வாய்த்திருந்தால், அந்த ஆண்டு அவர் எந்த இராஜாஜியின் பக்கம் நின்றிருப்பார் என்பதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.