அம்மிணியும் பதினெட்டுப் படியும்

"பார்த்துக்கறேன்" என்ற வார்த்தையை நான் ஆயுசில் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம், நன்கொடைப் புத்தகத்தோடு வருகிறவரிடம், பையனுக்கு வேலை கேட்டு ஊரிலிருந்து கடிதம் போட்ட சித்தப்பாவிடம். மும்பையில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டினவன் இதைச் சொன்னால், "இத்தோடு பேச்சை விடுங்கள்" என்று அர்த்தம். கேட்கிறவருக்கும் அது தெரியும். எங்கள் மேல்மாடி மாமாவுக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

மாமா பாலக்காட்டுக்காரர். எங்கள் மாட்டுங்காவிலேயே வேலை பார்த்து, ரிடையராகி, பிள்ளையோடு இருக்கக் கோயம்புத்தூர் கிளம்பினார். லாரியில் சாமான் ஏறியபோது நான் கூடவே நின்றேன். வேலை செய்தேன் என்று சொல்ல முடியாது. "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊறுகாய் ஜாடி நாலு, துருவலகு ஒன்று, உருளி மூன்று என்று மாமி எண்ணி எண்ணி ஏற்றினாள். எண்ணிக்கையில் வராத ஒன்று மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. மாமா அதைக் காட்டி, "நம்ம அம்மிணியை ஒண்ணு பார்த்துக்கணும், கேட்டேளா" என்றார்.

"அதுக்கென்ன மாமா, பார்த்துக்கறேன்" என்றேன் நான்.

அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மூன்றாவது மாடியில் ஒரு குரல் கிளம்பியது. மாமா வழக்கமாக ஆபீஸிலிருந்து திரும்பிய நேரம் அது. ரிடையரான பிறகும் அதே நேரத்துக்கு ஃபைவ் கார்டன்ஸில் நடந்துவிட்டுத் திரும்புவார். பூட்டின கதவுக்கு முன்னால் அம்மிணி உட்கார்ந்து, ஒரு கச்சேரிக்கு வேண்டிய அளவு ஆலாபனை செய்தாள்.

"ஏன்னா, மேலே அது கத்திண்டிருக்கு. நீங்கதானே பார்த்துக்கறேன்னு சொன்னேள்? போய்ப் பாருங்கோ" என்றாள் என் மனைவி.

போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து, "பார்த்தாச்சு" என்றேன். அன்று ராத்திரி எனக்கு மோர்சாதத்துக்கு ஊறுகாய் கிடைக்கவில்லை.

இங்கே எங்கள் கட்டிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும், லிஃப்ட் கிடையாது, மரப்படி. 1969-க்கு முன்னால் கட்டி, செஸ் வரி கட்டிக்கொண்டிருக்கிற மும்பையின் ஆயிரக்கணக்கான கட்டிடங்களில் ஒன்று. நாங்கள் எல்லோரும் இதில் பகடிக் குடித்தனக்காரர்கள். முதலில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, பிறகு மாதாமாதம் பஸ் டிக்கெட் மாதிரி ஒரு வாடகை கொடுத்துக்கொண்டு, வீட்டுக்காரனும் இல்லாமல் வாடகைக்காரனும் இல்லாமல் பரம்பரையாக உட்கார்ந்திருக்கும் முறை அது. வீட்டுக்காரர் எங்களைக் காலி பண்ண முடியாது, நாங்கள் அவரை மதிக்க வேண்டியதில்லை. இதற்குப் பகடி என்று பெயர் வைத்தவன் கொஞ்சம் தமிழ் தெரிந்தவனாக இருக்க வேண்டும். மாமா தன் பகடியை விற்றுவிட்டுப் போனார். அம்மிணி தன்னுடையதை விற்கவில்லை.

மறுநாள் கோயம்புத்தூருக்கு போன் போட்டேன். மாட்டுப்பெண்ணுக்குப் பூனை ரோமம் பட்டால் தும்மலாம். புது அபார்ட்மென்டில் அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாதாம். "ரயிலில் அனுப்பட்டுமா?" என்றேன். செல்லப் பிராணியைக் கூடவே வைத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் ஏசி முதல் வகுப்பில் ஒரு கூப்பே முழுவதையும் எடுக்க வேண்டும். நானே அதில் போனதில்லை. அம்மிணியைப் பிரதிநிதியாக அனுப்ப மனசு வரவில்லை.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நான் சட்டம் படிப்பேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, பதினோராவது பிரிவு: பசியிலோ தாகத்திலோ அவதிப்படும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமில்லாமல் கைவிட்டுப் போவது குற்றம். இந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவில் பரதம் கற்றுக்கொடுத்துக்கொண்டே, மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக உட்கார்ந்து, இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததும் திரும்பப் பெற்றார். அங்கே "பார்த்துக்கறேன்" என்று சொன்னவர் உண்மையாகவே பார்த்துக்கொண்டார், சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அந்த அம்மாள்தான் முதல் தலைவி.

இவ்வளவையும் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "மாமாவை ஒரு கை பார்க்கிறேன்" என்று தண்டனைப் பகுதிக்கு வந்தேன். முதல் தடவை செய்தால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். 1960-ல் அது பணம். இன்று ஐம்பது ரூபாயை வைத்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மசால் தோசை தின்ன முடியாது.

"அந்தப் பத்து ரூபாயை நானே மாமிக்கு அனுப்பிடறேன். எஸ்டிடி போட்டுச் சண்டை பிடிக்காதேங்கோ" என்றாள் அவள். எஸ்டிடி என்று ஒன்று இப்போது இல்லை என்பதைச் சொல்லித் திருத்துகிற தைரியம் அன்று எனக்கு இல்லை.

நாயாகப் பிறந்திருந்தால் அம்மிணிக்கு இந்த ஊரில் மரியாதை இருந்திருக்கும். 1832-ல் தெருநாய்களைக் கொல்ல வெள்ளைக்காரர்கள் ஆள் விட்டபோது, பம்பாய் பார்சிகள் கடையை மூடி, கலவரமே செய்து, கோட்டைக்குள் ஒரு நாள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பார்சி காலனியில் இன்றும் நாய்க்கு உட்கார இடம் உண்டு. பூனைக்காக இந்த ஊரில் ஒரு பெட்டிக்கடை கூட மூடியதாக நான் படித்ததில்லை.

பூனை ஆளை நம்புவதைவிட இடத்தை நம்பும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு வந்தால் ஓடிவிடும். அதனால் அவர் சொன்ன யோசனை: சாப்பாட்டுக் கிண்ணத்தை அவர்கள் வாசலில் வையுங்கள், தினமும் ஒரு படி கீழே இறக்குங்கள்.

மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு எத்தனை படி என்று முப்பத்தைந்து வருஷமாக நான் எண்ணியதில்லை. அன்று எண்ணினேன். ஒன்பது, ஒரு திருப்பம், மறுபடி ஒன்பது. நாற்பத்தோரு நாள் மாலை போட்டு விரதமிருந்து பதினெட்டாம் படி ஏறுகிறவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. பதினெட்டுப் படியைப் பதினெட்டு நாளில் இறங்கியவன் நான் ஒருவன்தான். தலையில் இருமுடிக்குப் பதில் கையில் எவர்சில்வர் கிண்ணம்.

ஐந்தாம் படியில் பால்காரன் கிண்ணத்தை மிதித்தான். ஒன்பதாம் நாள் திருப்பத்தில் எதிர் வீட்டுக் குஜராத்தி அம்மாள் வழியை மறித்து, இது என்ன பரிகாரம், எந்த ஜோசியர் சொன்னார், விலாசம் கிடைக்குமா என்று விசாரித்தாள். பதின்மூன்றாம் படியில் என் முட்டி நின்றுவிட்டது. ஆயின்ட்மென்ட் தடவிக்கொண்டு இறங்கினேன். பதினெட்டாம் நாள் அம்மிணி எங்கள் வாசலுக்கு வந்தாள். நானும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவிடுக்கில் நின்றோம். மருமகள் கிருஹப்பிரவேசத்துக்குக்கூட நாங்கள் அப்படி நின்றதில்லை. அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். மீசையைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பதினெட்டுப் படியையும் ஒரே ஓட்டத்தில் ஏறி, பூட்டின கதவுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டாள். மணி ஆறே முக்கால்.

கிண்ணத்தில் என்ன வைத்தேன் என்பது தனிப் புராணம். மாமி வீட்டில் அவளுக்குத் தயிர்சாதம் பழக்கம். நாங்களும் அதையே கொடுத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி பாசத்தில் ரவா கேசரி வைத்தாள். அம்மிணி முகர்ந்துவிட்டு மண் தள்ளுவது போலக் காலால் தரையைப் பிறாண்டி மூடினாள். மனைவிக்கு முகம் வாடிவிட்டது. பூனைக்கு இனிப்பே தெரியாது, நாக்கில் அதற்கான மரபணு வேலை செய்வதில்லை, 2005-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன். "அப்போ உங்களுக்கும் நாக்கைச் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ. நீங்களும்தான் நன்னாயிருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்லை" என்றாள்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது வாசலில் இருந்த பெண் சீட்டு எழுதினாள். பேஷன்ட் பெயர் கேட்டாள், அம்மிணி என்றேன். சர்நேம் கேட்டாள். மாமாவுடையதா, என்னுடையதா என்று நான் ஒரு நிமிஷம் தயங்கினேன். அவள் என் பெயரைப் பார்த்து, தானே எழுதிவிட்டாள்: அம்மிணி ஐயர். உள்ளே டாக்டர் அந்தச் சீட்டிலேயே, பூனை மாமிசத்தில் வாழப் பிறந்த பிராணி, டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும், வளர்ந்த பூனைக்குப் பால் ஜீரணமாகாது என்று சொல்லிக்கொண்டே, பெயருக்கு நேர் கீழே "மீன், தினமும்" என்று எழுதினார். அந்தச் சீட்டை நான் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

கடைத் தீனி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதன் விலையில் நாங்கள் இருவரும் பாதாம் சாப்பிடலாம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதை மூடிக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு (மே மாதம்), சிட்டிலைட் தியேட்டர் பக்கத்து கோபி டாங்க் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். கோலிப் பெண்மணி ஒருத்தி, நெற்றி நிறையக் குங்குமமும் காது நிறையத் தங்கமுமாக, கூடைக்குப் பின்னால் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "மாவ்ஷி, மாந்தேலி பாவ் கிலோ" என்று ரகசியம் போலச் சொல்லிவிட்டு, கேட்காமலேயே, "பூனைக்கு" என்று மராத்தியில் சேர்த்தேன்.

அவள் மார்க்கெட் முழுவதும் கேட்கும்படி சிரித்தாள். "தெரியும் தெரியும். மாட்டுங்காவிலிருந்து வருகிற எல்லா மாமாவும் பூனைக்குத்தான் வாங்குகிறார்கள்!"

வெட்கத்தில் திரும்பினால் பின்னால் மார்கழி பஜனையில் எனக்குப் பக்கத்தில் ஜால்ரா போடுகிறவர், கையில் கனத்த பையோடு நிற்கிறார். "பூனைக்கு" என்றேன். "எனக்கும்" என்றார். அவர் வீட்டில் பூனை கிடையாது. நாங்கள் இருவரும் அன்றிலிருந்து மிகவும் நெருங்கிய சிநேகிதர்கள்.

டாக்டரிடம் தூக்கிப் போகப் பை வேண்டியிருந்ததால் ஒரு நாள் தாராவிக்கும் போனேன். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் தோல் பை தைக்கும் திருநெல்வேலிக்காரர், நாலு பக்கமும் காற்று போக ஓட்டை போட்டு ஒரு பை தைத்துக் கொடுத்தார். அவர் மிஷினுக்கு அடியிலும் இரண்டு பூனைகள். "இவுகதான் நம்ம கோடவுனுக்கு வாட்ச்மேன். தோலை எலி கடிச்சா எம் பொழப்பு போச்சுல்லா. உங்க பூன எத்தன எலி புடிக்கும் அண்ணாச்சி?" என்றார்.

மும்பை மாநகராட்சியில் ராத்திரி எலி அடிக்கவே ஆள் உண்டு. ஒரு ராத்திரிக்கு முப்பது எலி என்று கணக்கு, குறைந்தால் சம்பளத்துக்கு ஆபத்து. அம்மிணியின் இன்றுவரையான மொத்தக் கணக்கைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போன வாரம் ஒரு எலி அவள் கிண்ணத்தில் சாப்பிட்டது. அவள் ஒதுங்கி இடம் கொடுத்தாள்.

"ஒண்ணுகூட புடிக்காத பூனைய எதுக்கு வச்சிருக்கீய?" என்று அவர் நிஜமான அக்கறையோடு கேட்டார். நான் பையின் விலையைக் கேட்டேன்.

கடைசியில் அவளை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் சாமர்த்தியமில்லை, ஜூலை மாதம். மூன்றாவது மாடிக் கூரை ஒழுகத் தொடங்கிய ராத்திரி, தொப்பலாக நனைந்து தானே இறங்கி வந்து, என் அப்பா காலத்து ஈஸிசேரில் ஏறிப் படுத்தாள். அன்றிலிருந்து நான் முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். ஆறே முக்காலுக்கு மட்டும் எழுந்து மேலே போவாள். கால் மணி நேரம் கதவைப் பார்த்துவிட்டு இறங்கி வருவாள். இப்போது கத்துவதில்லை. கோயம்புத்தூர் மாமா வாரம் ஒரு தடவை வீடியோ கால் போட்டு, "அம்மிணி சுகமா?" என்று கேட்கிறார். அவர் குரல் வந்ததும் அவள் போனுக்குப் பின்னால் போய்த் தேடுகிறாள். அதற்கு மேல் மாமா பேசுவதில்லை. மாமி வாங்கி எங்கள் வீட்டுக் காய்கறி விலை விசாரிக்கிறாள்.

இதற்குள் எங்கள் கட்டிடத்துக்கும் ரீடெவலப்மென்ட் வந்துவிட்டது. இடித்துவிட்டு இருபத்திரண்டு மாடியாம். மூன்று வருஷம் வெளியே இருக்க பில்டர் வாடகை தருவார். பகடிக்காரர்கள் எல்லோரும் புரோக்கர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறோம். மச்சினன் செம்பூர் செட்டா நகரில் இருக்கிறான். முருகன் கோயில் பக்கத்திலேயே வீடு பார்த்துத் தருவதாக அவன் புரோக்கர் ஒருவரை அனுப்பினான். முதலில் மச்சினனிடமே, "அம்மிணியை மூன்று வருஷம் நீ வைத்துக்கொள்ளேன்" என்று கேட்டுப் பார்த்தேன். "பார்த்துக்கறேன் அத்திம்பேர்" என்றான். நான் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

நேற்று புரோக்கர் போன் செய்தார். வீடு பிரமாதம், கிழக்குப் பார்த்தது, சொந்தக்காரர் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு.

"எத்தனை பேர் சார்?"

நான் ஈஸிசேரைப் பார்த்தேன். மாந்தேலி சாப்பிட்ட மயக்கத்தில் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு தூக்கம். மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு பேர்" என்றேன்.

"மூணாவது யாரு, அம்மாவா?"

"பெரியவா மாதிரிதான். அதிகம் பேச மாட்டா. சாயங்காலம் ஒரு கால் மணி நேரம் வாசல்ல உட்காருவா, அவ்வளவுதான்."

"நல்லது. எல்லாரும் ப்யூர் வெஜ்தானே?"

"நானும் என் ஒய்ஃபும் ப்யூர் வெஜ்" என்று ஆரம்பித்தேன்.