சிவந்தால் ஒருவர், சிவக்காவிட்டால் இன்னொருவர்

நான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த காலத்தில் நீர்நிலைகளின் நைட்ரஜன் விவகாரத்தை இரண்டே பேர்தான் கவனித்துக்கொண்டார்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாக்க நைட்ரோசோமோனாஸ் பாக்டீரியா. அதை நைட்ரேட்டாக்க நைட்ரோபாக்டர். பிச்சாவரத்துச் சேறானாலும் இறால் குட்டையானாலும் வேறு யார்மீதும் சந்தேகப்படும் வழக்கமில்லை.

கணக்கெடுப்பு சோதனைக் குழாய்களில். தண்ணீரைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து குழாய் ஊற்றி, பஞ்சடைத்து இருட்டு அலமாரியில் வைப்போம். ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும். இந்த இருவரோ மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் யோசிக்கும். வாரங்கள் கழித்து வெள்ளைப் பீங்கான் தட்டின் குழியில் ஒரு சொட்டு, அதன்மேல் நைட்ரைட் இருந்தால் சிவக்கும் கிரீஸ் கரைசல். அம்மோனியாக் குழாயில் இளஞ்சிவப்பு வந்தால் நைட்ரோசோமோனாஸ். நைட்ரைட் ஊற்றிய குழாயில் சிவப்பு வராமல் போனால் நைட்ரோபாக்டர். முகம் பார்க்காமலே பெயர் சூட்டிவிட்டு, எம்.பி.என். (மிக வாய்ப்புள்ள எண்ணிக்கை) அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து எழுதுவோம். அதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் அவர்களும் அலமாரி முன் உட்கார வேண்டுமே!

இன்றைய மாணவி தண்ணீரை 0.2 மைக்ரான் வடிதாளில் வடித்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் நொதிக்கான அமோஏ மரபணுவை பி.சி.ஆரில் பெருக்குகிறாள். 1997-இல் வெளியான பிரைமர் ஜோடி. ஜெல்லில் 491 கார இணை நீளத்துக்கு ஒரு கோடு. வளர்க்கவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். கிட் தீர்ந்துபோனால் மட்டும் கொள்முதல் கோப்புக்காகக் காத்திருக்க வேண்டும், பாக்டீரியாவே தேவலை.

பழைய இருவர் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. 1998-இல் ஹோவனெக் குழுவினர் நன்னீர் மீன்தொட்டிகளில் தேடியபோது நைட்ரைட் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா இனம். 2005-இல் சியாட்டில் மீன்காட்சியகத் தொட்டியிலிருந்து பிரித்த நைட்ரோசோபூமிலஸ் பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா. அந்த 1997 பிரைமருக்கு அதைத் தெரியவே தெரியாது. தேடச் சொன்ன ஆளை மட்டும் தேடும் போலீஸ்காரர் அது. 2015-இல் இன்னும் மோசம். சில நைட்ரோஸ்பைராக்கள் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாளாகவே முடித்துவிடுகின்றன. நுண்ணுயிரியலாளர் விநோகிராட்ஸ்கி காலம் தொட்டு நாங்கள் தேர்வுத்தாளில் அம்புக்குறி போட்டு எழுதிய வேலைப் பிரிவினைக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்காமல் விட்டார்களே!

ஒரு பாட்டில் கழிமுக நீர் இப்போது எக்செல் நிரம்ப டி.என்.ஏ. வரிசைகள் தருகிறது. பலவற்றுக்கு எதிரே தரவுத்தளம் சொல்வது ‘வளர்க்கப்படாத பாக்டீரியா’. மரபணு இருப்பதாலேயே வேலை நடக்கிறது என்றும் ஆகாது. எங்களுக்கு வேலை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. இவளுக்கு ஆள் தெரிகிறது, வேலை தெரியவில்லை.

தனியாளாக முடிக்கும் அந்தக் கூட்டத்தில் ஒன்றான நைட்ரோஸ்பைரா இனோபினாட்டாவின் ஜீனோம் 2015-லேயே கையில் இருந்தது. ஆனால் அம்மோனியா மிகக் குறைந்த நீரிலும் அது எவ்வளவு சாமர்த்தியமாகப் பிழைக்கும் என்று அளக்க, தூய வளர்ப்பு கிடைத்த பிறகு 2017 வரை ஆயிற்று. இதைப் படித்துவிட்டு மாணவி சோதனைக் குழாய்களுக்கும் பஞ்சுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பி.சி.ஆர். மெஷின் வாங்கியாயிற்றே, இது எதற்கு என்று கோப்பு திரும்பி வந்திருக்கிறது.