உப்பைக் குறைத்தால் அயோடினுக்கு எங்கே போவது?

கேள்வி: "உப்பைக் குறை" என்கிறார் டாக்டர். "அயோடின் உப்பு சாப்பிடு" என்கிறது அரசாங்கம். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இருவர் பேச்சையும்தான். டாக்டருக்குப் பகை சோடியம். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். அரசாங்கத்தின் கவலை தைராய்டு. அயோடின் போதாவிட்டால் அது கழுத்தில் கழலையாகப் புடைத்து நிற்கும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் விட்டுவைத்திருக்கும் உப்போ 5 கிராமுக்குள். கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயோடின் இருந்தால் அந்த 5 கிராமிலேயே கணக்கு நேராகிவிடும். உங்கள் ஊர் உப்பளத்துக் கடலுப்பில் இயல்பாக அயோடின் மிகக் குறைவு. அதனால்தான் பொட்டாசியம் அயோடேட்டைச் சேர்க்கிறார்கள். குறைக்க வேண்டுமானால் ஊறுகாயிலும் அப்பளத்திலும் கை வையுங்கள்.

அடுத்து 'லோ சோடியம்' உப்பு பற்றிக் கேட்பீர்கள். அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இந்துப்பா? அதுவும் சோடியம் குளோரைடுதான். கூடுதலாக இருப்பது விலை!